உளுவை காற்றைச் சுமந்த கதை

மீனும் நண்டும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உளுவை மீன் தண்ணீரை விட்டு வெளியே வந்ததே கிடையாது. மற்ற மீன்களுக்கு இருப்பதுபோல அதற்கும் கண்கள் தலையின் இரண்டு பக்கமும்தான் இருந்தன. மேலே பார்க்க வேண்டிய தேவை அதற்கு வரவில்லை.

ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே, அலையாத்திக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் ஒரு கழி இருந்தது. கடலின் ஓதம் ஏறும்போது கழி நிறையும், இறங்கும்போது வடியும். அந்தக் கழியின் அடிச்சேற்றில் வளை தோண்டிக் குடியிருந்தான் கண்டலன் என்ற உளுவை. அவன் மனைவி தில்லை.

கண்டலன் சுபாவத்திலேயே கவலைக்காரன். வளையின் கூரை இடிந்துவிடுமோ என்று கவலைப்படுவான். இடியாமல் இருந்தால், ஏன் இன்னும் இடியவில்லை என்று கவலைப்படுவான். ஆனால் அந்த வருஷம் அவன் பட்ட கவலைக்குக் காரணம் இருந்தது. தில்லை முதலில் இட்ட முட்டைகள் எல்லாம் வெளுத்து அழுகிப் போயின. அடுத்த ஈடும் அப்படியே போயிற்று. இப்போது மூன்றாம் ஈடு. வளையின் கூரையில் பொன்மணி ஒட்டினாற்போல் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கண்டலன் இரை தேடப் போவான், பாதி வழியில் திரும்பி வந்து கூரையைப் பார்ப்பான். தூங்குவான், விழித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பான்.

அந்த நாளில் கழி முழுக்க ஒரே வாக்குவாதமாக இருந்தது. நாமெல்லாம் எப்படி வந்தோம் என்பதுதான் வாக்குவாதம்.

மீன்களுக்கெல்லாம் பெரியவராக இருந்தவர் கெளுத்தி ஐயா. நீண்ட மீசை, நிதானமான பேச்சு. "பெருங்கை ஒன்று இருக்கிறது. ஒரே ஓதம் ஏறி இறங்குவதற்குள் அது இந்தச் சேற்றைப் பிசைந்து, ஒவ்வொரு உயிரையும் தனித்தனியாக வனைந்து, நீ இப்படியே இரு என்று சொல்லி விட்டது. மீனைத் தண்ணீருக்கு என்று வனைந்தது. தண்ணீரை மீறி மேலே போகிற மீன் அந்தக் கையின் அடையாளத்தைத் தானே அழித்துக்கொள்கிறது" என்று அவர் சொல்வார். வலை விழும்போதும் தூண்டில் இறங்கும்போதும் மீன்கள் பெருங்கையை நினைத்துக்கொண்டுதான் பயத்தைத் தாங்கின.

கரையோரத்தில் குடியிருந்த ஒற்றைக்கையன் என்ற நண்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கை பெரிதாகவும் ஒரு கை சிறிதாகவும் இருந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். கரை இடிந்த இடத்தில் அவன் ஒரு கல்லைக் கண்டெடுத்து வைத்திருந்தான். அந்தக் கல்லுக்குள் ஒரு மீனின் எலும்பு பதிந்திருந்தது. அதன் துடுப்புக்குள் விரல்போலச் சிறு எலும்புகள் இருந்தன.

"ஒரே ஓதத்துல எல்லாம் முடிஞ்சிருச்சுன்னா, விரல் வெச்ச இந்த மீன் எங்கேருந்து வந்துச்சு? எங்கே போச்சு?" என்று அவன் போகிற வருகிறவரை எல்லாம் நிறுத்திக் கேட்பான். "யாரும் யாரையும் வனையலை. கொஞ்சங் கொஞ்சமா மாறித்தான் எல்லாரும் வந்திருக்கோம்."

இந்த வழக்கில் கழி இரண்டாகப் பிரிந்தது. கெளுத்தி ஐயாவின் பக்கம் நின்ற மடவை மீன்கள் தங்கள் குஞ்சுகளை நண்டு வளைப் பக்கம் போகக்கூடாது என்று தடுத்தன. நண்டுகள் மீன்களைக் கண்டால் பெரிய கையை ஆட்டிச் சிரித்தன. தில்லை கெளுத்தி ஐயாவின் கூட்டத்துக்குத் தவறாமல் போவாள். கண்டலனும் கூடப் போவான், ஆனால் மனம் வளையிலேயே இருக்கும். எப்படி வந்தோம் என்பதைவிட, கூரையில் இருப்பவை எப்படி வரப்போகின்றன என்பதே அவனுக்குப் பெரிதாக இருந்தது.

அந்தக் கோடையில் முகத்துவாரம் அடைபட்டது. கடல் மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயில் மேடு போட்டுவிட்டது. ஓதம் ஏறவில்லை. தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்று, சூடேறி, பச்சை படர்ந்தது. நாளுக்கு நாள் கழி சுருங்கிக்கொண்டே வந்தது. அடிச்சேறு கறுத்து நாறியது. இறால்கள் முதலில் செத்து மிதந்தன.

கண்டலன் கூரையைப் பார்த்தான். முட்டைகளின் பொன்னிறம் மங்கியிருந்தது.

"தில்லை, இங்க வாயேன். இது வெளுக்கிற மாதிரி இல்ல?"

தில்லை பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "வெளிச்சம் போதலைங்க. அதான் அப்படித் தெரியுது" என்றாள்.

அவன் நேராகக் கெளுத்தி ஐயாவிடம் போனான். ஐயா கழியின் ஆழமான மூலையில் அசையாமல் கிடந்தார். கெளுத்தி இனத்தில் முட்டையைத் தகப்பன் வாயில் வைத்துத்தான் அடைகாக்கும். அவருடைய வாயில் அப்போது ஓர் ஈட்டு முட்டைகள் இருந்தன. அதனால் பல நாளாக அவர் எதுவும் உண்ணவில்லை. உடம்பு வற்றிப்போயிருந்தது. உதட்டோரத்தால் மெல்லப் பேசினார்.

"என்னப்பா கண்டலா?"

"ஐயா, முட்டை மங்குது. மூணாவது ஈடு இது. நான் என்ன செய்யட்டும்?"

"பொறுத்திரு. வனைந்த கைக்குக் காக்கத் தெரியாதா? முகத்துவாரம் திறக்கும்."

"அதுவரைக்கும் தாங்குமா ஐயா? நானும் உங்களை மாதிரி வாயில வெச்சுக் காப்பாத்தட்டுமா?"

ஐயாவின் மீசை வருத்தத்தோடு அசைந்தது. "என் வாயைத் தொட்டிலாக வனைந்தது பெருங்கை. உன் வாயை அப்படி வனையவில்லை. வாயில் எடுத்தால் நசுங்கிவிடும். அவரவர்க்குக் கொடுத்ததை வைத்துத்தான் அவரவர் இருக்க வேண்டும். நான் மட்டும் பயப்படவில்லை என்றா நினைக்கிறாய்? என் வாய்க்குள்ளும் அசைவு குறைந்துகொண்டு வருகிறது. ஆனாலும் பொறுத்திருக்கிறேன். எனக்காக வேண்டும்போது உனக்காகவும் சேர்த்தே வேண்டுகிறேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது கண்டலனுக்குத் தெரிந்தது. அதனாலேயே பயம் அதிகமாயிற்று. ஐயாவே பயப்படுகிறார் என்றால், யாரை நம்பிப் பயப்படாமல் இருப்பது?

தில்லைக்குத் தெரியாமல் அவன் கரையோரம் போனான். நீர் விளிம்பில் நின்றுகொண்டு ஒற்றைக்கையனைக் கூப்பிட்டான்.

"அண்ணே, உங்களுக்கு நாலும் தெரியும்னு சொல்றாங்க. தண்ணிக்கு என்ன ஆச்சு? முட்டை ஏன் சாகுது?"

நண்டுக்குச் சந்தோஷம். கெளுத்திப் பக்கத்து மீன் ஒன்று தானாகவே தேடி வந்திருக்கிறது. "வாய்யா, வா. மேல வீசுது பார் காத்து, அதுல இருக்கிற உயிர்ச்சத்துதான் தண்ணியில கலக்குது. ஓதம் புரண்டு வர்றப்ப நல்லாக் கலக்கும். இப்ப தண்ணி நிக்குது, சத்து தீந்துபோச்சு. இந்த மரத்தைப் பார். சேத்துக்குள்ள மூச்சு முட்டுதுன்னு வேரை மேல நீட்டி மூச்சு விடுது. நானும் மேல வந்து விட்டுக்கறேன். நீங்கதான் உள்ளேயே கிடந்து சாகறீங்க."

"முட்டைக்கு வேர் இல்லையே அண்ணே."

"இல்லைதான்."

"அப்ப என்ன ஆகும்?"

ஒற்றைக்கையன் கல்லைத் தட்டினான். "எப்பவும் ஆகிறதுதான். எது தாங்குதோ அது பிழைக்கும். அதோட பிள்ளைங்களும் தாங்கும். இப்படித்தான்யா எல்லாரும் மாறி மாறி வந்தோம்."

"என் முட்டையில எது தாங்கும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணு ரெண்டு தாங்கலாம். எல்லாமே போனாலும் போகும்."

கண்டலன் வளை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். நண்டு அவன் முகத்தைப் பார்த்தது. பெரிய கையைக் கீழே இறக்கிக்கொண்டது. "நான் நடக்கிறதைச் சொன்னேன்யா. நடக்கணும்னு சொல்லலை" என்றது.

திரும்பும் வழியெல்லாம் கண்டலன் இருவர் சொன்னதையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே போனான். ஒருவர் நல்லவர், பொறு என்கிறார். இன்னொருவன் விவரம் தெரிந்தவன், எது போகுமோ போகட்டும் என்கிறான். இருவர் சொன்னதிலும் அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். சும்மா இருக்க வேண்டும். அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

வளைக்குள் போனதும் பார்த்தான். ஓரத்தில் இருந்த முட்டைகள் வெளுத்திருந்தன. நேற்று அவை வெளுக்கவில்லை. வெண்மை நடுப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டான். உச்சி வெயிலில் நேரே மேலே நீந்தினான். நீர்ப்பரப்பில் மூக்கு முட்டியது. ஒரு கணம் அங்கேயே நின்றான். பெருங்கையின் அடையாளம் தன் உடம்பில் எந்த இடத்தில் இருக்கும், அது அழியும்போது வலிக்குமா என்று நினைத்தான். பிறகு தலையை வெளியே நீட்டினான்.

வெயில் நெருப்பாகச் சுட்டது. செவுள்கள் ஒட்டிக்கொண்டன. தலையின் இரு பக்கமும் இருந்த கண்களுக்கு ஒளியைத் தவிர எதுவும் தெரியவில்லை. வாயைத் திறந்து, கொள்ளும் மட்டும் காற்றை அள்ளி, மூடிக்கொண்டு கீழே பாய்ந்தான். கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. உள்ளே இருந்த காற்று அவனை மேலே இழுத்தது. வாலை அடித்து அடித்து இறங்கி, வளைக்குள் நுழைந்து, கூரைக்குக் கீழே வாயைத் திறந்தான். காற்று குமிழாகப் போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

நழுவவில்லை, ஓடிவிடவில்லை. நின்றது. அவன் மறுபடி மேலே போனான். மறுபடி கொண்டுவந்தான். குமிழ் பெரிதாகிப் பெரிதாகி, முட்டைகள் எல்லாம் காற்றுக்குள் தொங்கின.

கூட்டத்திலிருந்து திரும்பிய தில்லை அதைப் பார்த்துவிட்டு அலறினாள். "ஐயோ, என்னங்க இது? முட்டையைத் தண்ணிக்கு வெளிய வெச்சிட்டீங்களே! காஞ்சிருமே!"

"தண்ணிக்குள்ள இருந்தா அழுகுது தில்லை."

"மேலே போனீங்களா?"

அவன் நெற்றித் தோல் வெயிலில் வெந்து உரிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கூரைக்கு அடியில் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு, "ஒருவேளை இதுவும் தப்பாப் போச்சுன்னா?" என்று கேட்டாள்.

"எனக்கும் அந்தப் பயம்தான்."

அன்று முழுக்க இருவரும் கூரையையே பார்த்தபடி கிடந்தார்கள். வெண்மை நகரவில்லை. மறுநாளும் நகரவில்லை. ஆனால் குமிழில் இருந்த காற்றும் பழசாகும் என்பது கண்டலனுக்குப் புரிந்தது. பழசை விழுங்கி வெளியே விட்டுப் புதிதைக் கொண்டுவர வேண்டியிருந்தது. கழி மேலும் வற்றியதில் வளையின் வாய் வெறும் சேற்றில் திறந்து கிடந்தது. அவன் வெளியே வந்து, துடுப்பை ஊன்றி, சேற்றின்மேல் தவழ்ந்து காற்றை அள்ளினான். அள்ளும்போது ஒரு நிழல் விழுந்தது. நாரை. அலகு அவன் வாலுக்குப் பக்கத்தில் சேற்றைக் குத்தியது. எப்படியோ வளைக்குள் விழுந்தான்.

"இனி போகாதீங்க" என்று தில்லை அழுதாள்.

"போகலைன்னா காத்து பழசாயிடும்."

"நாரை நின்னுக்கிட்டே இருக்கு. உங்களுக்குத்தான் மேலே பார்க்கத் தெரியாதே!"

இரண்டு பேரும் வளை வாயருகே கிடந்தார்கள். உள்ளே முட்டை, வெளியே நாரை. கடைசியில் தில்லைதான் முதலில் சேற்றின்மேல் ஏறினாள். கூட்டம் தவறாத தில்லை, கரையைத் தொடுவதே பாவம் என்று நம்பிய தில்லை. கண்ணை உந்தி உந்தி மேலே திருப்பி வானத்தைப் பார்த்தாள்.

"பெருங்கையை வேண்டிக்கிட்டே இருக்கேன். நாரையையும் பார்த்துக்கிட்டே இருக்கேன். நீங்க அள்ளுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பார்க்க அவன் அள்ளினான், அவன் பார்க்க அவள் அள்ளினாள். உந்தி உந்தி இருவருடைய கண்களும் தலைக்கு மேலே ஏறிக்கொண்டு வந்தன. ஊன்றி ஊன்றித் துடுப்புகள் கைபோலத் தடித்தன. அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. நாரை நகர்கிறதா, காற்று போதுமா என்பதைத் தவிர அவர்கள் மனத்தில் வேறு எதுவும் இல்லை.

மேற்கே மலையில் மழை பெய்தது. ஆறு பெருகி வந்து மணல் மேட்டை உடைத்தது. கடல் உள்ளே புகுந்தது. கழியில் மிஞ்சியிருந்த மீன்கள் எல்லாம் கூத்தாடின. ஆனால் கண்டலன் வளைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். முட்டைக்குள் குஞ்சுகளின் கண்கள் கறுப்பாகத் தெரிந்தன. குஞ்சுகள் வாலால் முட்டையோட்டை அடித்தன. தண்ணீர் படாமல் ஓடு உடையவில்லை. கூரையில் அவன் சேர்த்துவைத்த காற்று, நல்ல தண்ணீரை மேலே ஏறவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நாள் காப்பாத்தின காத்து இது. இதை எடுத்துட்டா?" என்றான்.

"எடுக்கலைன்னா?" என்றாள் தில்லை.

இதை யாரிடமும் போய்க் கேட்க முடியாது. இதுவரை எந்த மீனும் இதைச் செய்ததில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு, காற்றை வாய் வாயாக விழுங்கி வெளியே கொண்டுபோய் விட்டான். தண்ணீர் கூரையைத் தொட்டது. முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. வளை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குஞ்சுகள் துடித்தன. ஓரத்து முட்டைகள் வெடிக்கவில்லை. தில்லை அவற்றின் அருகிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

மறுநாள் நீர் விளிம்பில் பெரிய கூட்டம். குஞ்சு பொரித்த செய்தி பரவிவிட்டது.

"முகத்துவாரம் திறந்தது பெருங்கையின் அருள். குஞ்சு பொரித்தது அதனால்தான்" என்றன மடவைகள்.

"மேல வந்து காத்து எடுத்ததாலதான் பொரிச்சுது. மாறினவன் பிழைச்சான். கண்ணையும் கையையும் பாருங்கய்யா!" என்று நண்டுகள் கத்தின.

கொடுவா மீன் ஒன்று கோபமாக முன்னே வந்தது. "கரையைத் தொட்டவன் மீன் இல்லை. இவன் செய்ததால்தான் கழிக்கே இந்தக் கேடு. விரட்டுங்கள்!"

எல்லாரும் கெளுத்தி ஐயாவைப் பார்த்தார்கள். அவர் மெலிந்து, பக்கம் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தார். பல நாளாக மூடியிருந்த வாயை அவர் அப்போது முழுக்கத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

ஒற்றைக்கையன்கூடக் கையை ஆட்டவில்லை.

"நான் பொறுத்திருந்தேன்" என்றார் ஐயா. "முகத்துவாரம் திறப்பதற்கு முந்தின நாள் கடைசி அசைவும் நின்றது. பெருங்கையை நான் இன்னமும் நம்புகிறேன். அது இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது. ஆனால் இந்தத் தகப்பனையும் தாயையும் குற்றம் சொல்ல என் வாய் வரவில்லை." மீசையால் கண்டலனின் தலையைத் தொட்டார். மேலே ஏறியிருந்த கண்களைத் தடவிப் பார்த்தார். "வலித்ததா?" என்று கேட்டார்.

"பயந்தேன் ஐயா. வலி தெரியலை. உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தாலும் நான் மேலே போயிருக்க மாட்டேன்" என்றார் ஐயா, மிகவும் மெதுவாக.

அவர் ஆழத்துக்குப் போய்விட்டார். மீன்கள் யாரும் கண்டலனை விரட்டவில்லை. ஆனால் யாரும் அருகிலும் வரவில்லை. கண்டலன் பழையபடி கழியின் அடியில் இருக்க முயன்றான். காற்றுக்குப் பழகிய செவுளுக்கு மூச்சு முட்டியது. "எங்களோடயே கரையில இருந்துடு" என்று ஒற்றைக்கையன் கூப்பிட்டான். போய்ப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் தோல் காய்ந்து வெடித்தது. ஓடி வந்து தண்ணீரில் புரண்டான். கடைசியில் அவனும் தில்லையும் இரண்டுக்கும் நடுவில், ஓதம் தொட்டுவிட்டுப் போகிற ஈரச் சேற்றில் வளை தோண்டிக்கொண்டார்கள்.

அடுத்த ஈடு முட்டைகளைத் தில்லை கூரையில் ஒட்டியபோது கண்டலனுக்கு மறுபடியும் பழைய பயம் வந்தது. உடனே காற்று எடுக்கக் கிளம்பிவிட்டான்.

அன்று தொடங்கியதுதான் இது. உளுவை தண்ணீரிலும் இல்லாமல் தரையிலும் இல்லாமல், உச்சந்தலையில் ஏறிய கண்களை உருட்டி நாலு பக்கமும் பயந்து பயந்து பார்த்தபடி, சேற்றில் தத்திக்கொண்டு திரிகிறது. உன்னை வனைந்தார்களா, நீயாக மாறினாயா என்று இன்றைக்கும் யாராவது அருகில் போய்க் கேட்டால் அது நிற்பதில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருக்க, குஞ்சுகளுக்குக் காற்றைச் சுமந்துகொண்டு வளைக்குள் போய்விடுகிறது.